அடுக்களைத் தொட்டி கற்பித்த பாடம்

சென்ற தை மாதத்தில் ஒரத்தநாட்டுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிற்குப் புது வீடு மந்திரிக்கச் சென்றிருந்தேன். குடும்பத் தலைவர் பன்னிரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் எழுந்த வீடு அது. தேக்கு நிலை, கண்ணாடி போல் மின்னும் தரை, கூடத்தின் மேல்தளத்தில் பூவேலைப்பாடு என்று ஒவ்வொன்றையும் அவர் பெருமையுடன் காட்டிக்கொண்டே வந்தார். நானும் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபித்து வந்தேன். அடுக்களை வாயிலை அடைந்ததும், "இங்க ஒண்ணும் இல்ல சாமி, சமையக்கட்டுதான்" என்று சொல்லி அவர் மாடிப்படியின் பக்கம் திரும்பினார்.

பின்னால் நின்ற இல்லத்தரசி அப்போது மெல்லிய குரலில், "சாமி, அந்தத் தொட்டியையும் மந்திரிச்சிடுங்க. நாள் முச்சூடும் நான் நிக்கப்போறது அதுக்கு முன்னாலதான்" என்றார்.

உள்ளே சென்றேன். பளபளக்கும் கருங்கல் மேடை. அதன் நடுவே கல்லின் அடிப்பக்கமாகப் பொருத்தப்பட்ட எவர்சில்வர் தொட்டி. கடைக்காரர்கள் இதனை 'அண்டர்மவுண்ட் சிங்க்' என்பார்கள். தீர்த்தம் தெளித்து முடித்ததும், "வீட்டில் டேப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மந்திரிக்க வந்த குரு மேடையை அளக்கக் கேட்டால் யாருக்குத்தான் வியப்பு வராது? அதற்கொரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் இளமையில் எங்கள் வீட்டில் அடுக்களைத் தொட்டி என்ற ஒன்றே கிடையாது. கொல்லையில் கிணறு, அதன் ஓரத்தில் சில கற்களைப் பதித்த ஈரத்தரை. அம்மா அங்கே குந்தியமர்ந்து தேங்காய் நாரும் சாம்பலும் புளியும் கொண்டு பித்தளைப் பாத்திரங்களைத் துலக்குவார்கள். வீட்டில் கழிவுநீர் சேரும் அத்தகைய இடத்தை 'அங்கணம்' என்பது பழந்தமிழ் வழக்கு. வள்ளுவரும் அவையறிதல் அதிகாரத்தில் அச்சொல்லை ஆண்டிருக்கிறார். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்குரிய கழுநீர்ப் பானைக்குப் போகும். பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்குப் பாயும். ஒரு சொட்டும் வீணாகாத அந்த ஏற்பாட்டை இன்று நாம் புகழ்ந்து பேசுகிறோம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முக்காட்டுச் சாக்குடன் அந்த வழுக்குத் தரையில் குந்தியிருந்த அம்மாவின் முழங்கால்களைப் பற்றி அப்போது யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

ஒரத்தநாட்டில் வாழ்பவர்களுக்கு முத்தாம்பாள் சத்திரத்தைத் தெரியாமல் இருக்க முடியாது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798-1832) தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக எழுப்பிய அறச்சாலை அது. வழிப்போக்கருக்கும் மாணவருக்கும் அங்கே நாள்தோறும் உணவு படைக்கப்பட்டது. அதன் தூண்களையும் சிற்ப வேலைப்பாட்டையும் காண இன்றும் மக்கள் வருகிறார்கள். நானும் சென்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், இத்தனை பேர் உண்ட பின் அந்த அண்டாக்களையும் குண்டான்களையும் கழுவிக் கவிழ்த்த கைகள் யாருடையவையோ என்ற எண்ணம் எனக்குள் எழும். கட்டியவரின் பெயரும் உண்டவர்களின் செய்தியும் நமக்குக் கிடைக்கின்றன. கழுவியவர்களைப் பற்றி நமக்கு எதுவும் கிடைப்பதில்லை.

குந்தியிருந்து செய்த வேலை நின்று செய்யும் வேலையாக மாறியது பெரிய மாற்றம். மேலைநாடுகளில் இதனை ஓர் ஆராய்ச்சியாகவே செய்தார்கள். 1926-ஆம் ஆண்டில் மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சிறிய அடுக்களையை வடிவமைத்தார். சமைக்கும் பெண் எத்தனை அடி நடக்கிறாள், எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்றெல்லாம் கணக்கிட்டு அமைத்த அடுக்களை அது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்ற பொறியாளர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய், மேடையின் உயரம் அங்கே வேலை செய்பவரின் உடலுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நம் நாட்டில் மேடையும் தொட்டியும் வந்துவிட்டன. இந்த ஒரு கருத்து மட்டும் அவற்றோடு சேர்ந்து வரவில்லை.

வராததற்கு நானும் ஒரு சான்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் பங்குத்தந்தை இல்லத்தைப் புதுப்பித்தோம். அலுவலக அறைக்கும் முன்மண்டபத்துக்கும் வரைபடத்தைப் பலமுறை திருத்தினேன். அடுக்களைக்கு வந்தபோது கடையொன்றில் பார்த்த தொட்டியின் அழகில் மயங்கினேன். மேடைக் கல்லின் மீது விளிம்பு உட்காரும் பழைய வகையில் அவ்விளிம்பின் ஓரம் முழுதும் அழுக்குச் சேரும். கல்லுக்கு அடியில் பொருத்தும் வகையில் அந்த இடையூறு இல்லை. மேடையில் சிந்திய மாவையும் நீரையும் ஒரே துடைப்பில் தொட்டிக்குள் தள்ளிவிடலாம். 10 அங்குல ஆழமுள்ள பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கினேன். மேடையின் உயரம் என்ன என்று கொத்தனார் கேட்டார். "பழைய உயரமே இருக்கட்டும்" என்றேன். பழைய உயரம் 30 அங்குலம்.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்காவுக்கு அப்போது அறுபது வயதிருக்கும். உயரம் ஐந்தடி. அவர் புதுத் தொட்டியைப் பார்த்து, "நல்லா இருக்கு சாமி" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மாதங்கள் கழித்துப் பங்குத் திருவிழா வந்தது. விருந்து சமைத்த பெரிய குண்டானை ஊறவைப்பதற்காக இரவில் தொட்டிக்குள் வைத்து நீர் நிரப்பியிருந்தார்கள். விடியற்காலையில் அக்கா அதன் முன் வந்து நின்ற வேளையில், தொட்டி கல்லிலிருந்து பிரிந்து குண்டானோடும் நீரோடும் கீழே விழுந்தது. குண்டானின் விளிம்பு அவரது வலப்பாதத்தில் இறங்கி இரண்டு விரல் எலும்புகள் முறிந்தன.

மருத்துவமனையில் கட்டுப்போட்டு முடித்த பின், நான் தொட்டியையும் வேலைக்காரர்களையும் நொந்துகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்து, "விடுங்க சாமி. அதுல நின்னு நின்னு எட்டு மாசமா இடுப்பு வலி. சொல்லணும்னுதான் இருந்தேன். புதுசாக் கட்டின இடத்துல குறை சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

அந்தச் சொற்கள் என்னை உறுத்தின. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்று, ஞாயிறுதோறும் எளியோரைப் பற்றிப் பிரசங்கம் செய்துவந்தவன் நான். என் கூரையின் கீழ் நாள்தோறும் மூன்று வேளை எனக்குச் சோறிட்டவரிடம், "இந்த உயரம் உங்களுக்குப் போதுமா அக்கா?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

அவர் குணமாகும் வரை ஆறு வாரங்கள் நானே என் பாத்திரங்களைக் கழுவினேன். தொட்டியைச் செங்கல் அண்டக்கொடுத்து நிறுத்தியிருந்தோம். மூன்றாம் நாளே முதுகு பேசத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் டேப்பை எடுத்து அளந்தேன். மேடை 30 அங்குலம். அதில் கல்லின் பருமன் முக்கால் அங்குலம், தொட்டியின் ஆழம் 10 அங்குலம். ஆகவே தொட்டியின் அடித்தளம் தரையிலிருந்து 19¼ அங்குலத்தில் இருந்தது. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி தரையிலிருந்து ஏறக்குறைய 22, 23 அங்குலத்தில் இருக்கும். கையை முழுதும் நீட்டினாலும் எட்டாத ஆழத்தில், இடுப்பை வளைத்தபடியே அக்கா எட்டு மாதங்கள் பாத்திரம் துலக்கியிருக்கிறார். கல்லுக்கு அடியில் பொருத்துவதால் தொட்டி மேலும் ஒரு கல் பருமன் கீழே இறங்கிவிடுகிறது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

விழுந்த காரணமும் கணக்கில் தெரிந்தது. உட்புறம் 22 அங்குல நீளம், 16 அங்குல அகலம், 9 அங்குல உயரத்துக்கு நீர் நின்றாலே ஏறக்குறைய 52 லிட்டர். அதாவது 52 கிலோ. குண்டானின் எடை வேறு. இவ்வளவையும் தாங்கியது ஒரு கோடு ஒட்டுப்பசை மட்டுமே.

மறுபடியும் செய்ய வந்த மேஸ்திரி முதியவர்; கல்வேலையில் கைதேர்ந்தவர். அவர் வந்ததும் முதல் வேலையாக, "இங்க வேலை பாக்குறது யாரு? அவங்களை வரச்சொல்லுங்க சாமி" என்றார். கட்டுப்போட்ட காலுடன் வந்த அக்காவைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, சுவரில் கரிக்கோடு இட்டார். 37½ அங்குலம். "அடுப்பு மேடை இதுக்கு நாலு விரக்கடை கீழ இருக்கலாம். தொட்டி மேடை அதைவிட ரெண்டு அங்குலம் ஒசரம். தொட்டியில வேலை நடக்கிறது அடியில, அதுனால வாய் ஒசரமா இருக்கணும்" என்றார். தொட்டி இருக்கும் பகுதியை மட்டும் 35½ அங்குலமாக உயர்த்தி, 7 அங்குல ஆழமுள்ள தொட்டியை வாங்கச் சொன்னார். அடித்தளம் இப்போது 27 அங்குலத்துக்கு மேல். அக்கா நிமிர்ந்து நிற்கலாம்.

அவர் செய்த முறையை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கீழே கடப்பைக் கல்லும் மேலே கிரானைட்டும் என்று இரு அடுக்காக மேடை அமைத்தார். கடப்பைக் கல்லில் வெட்டிய வாயில் தொட்டியின் விளிம்பு நாற்புறமும் உட்கார்ந்தது; அதன்மேல் கிரானைட்டை இறக்கினார். இப்படிச் செய்தால் எடையைக் கல்லே தாங்கும்; பசைக்கு நீர் கசியாமல் காக்கும் வேலை மட்டுமே. ஒரே கல்லாக இருந்தால், துருப்பிடிக்காத இரும்புக் கோணங்களைச் சுவரோடு முடுக்கி, அவற்றின்மீது தொட்டியைத் தாங்கச் செய்ய வேண்டும். பிற்காலத்தில் தொட்டியை மாற்ற நேர்ந்தால், கல்லைப் பெயர்க்காமல் கழற்றுவதற்கு இரண்டாம் முறையே எளிது.

வாய் வெட்டும்போது உள்மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைவாக வெட்டினார். சதுர மூலையில்தான் கல்லில் விரிசல் தொடங்கும். முன்பக்கம் கல் 3 அங்குலமாவது மிஞ்ச வேண்டும்; குறைந்தால் ஒடியும், மிகுந்தால் வேலை செய்பவர் எக்கி நிற்க நேரும். வெட்டிய ஓரத்தை நன்றாகத் தேய்த்து மெருகிட்டுக் கூர்முனையை மழுக்கினார். இட்லிப் பானையும் குக்கரும் இடிக்கும் இடம் அது. கல் தொட்டியின் மேல் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் அழுக்கு ஒளிந்துகொள்ளும். ஆகவே தொட்டியின் ஓரம் சிறிது கண்ணுக்குத் தெரியும்படி விட்டார்.

சிலிக்கான் பசையிலும் இரு வகை உண்டு. காடி மணம் வீசும் வகை கடப்பை போன்ற சுண்ணாம்புக் கல்லுக்கு ஆகாது. நடுநிலை வகை என்று கேட்டு வாங்க வேண்டும். ஒட்டும் இடத்தில் கல்தூளும் ஈரமும் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பூசிய பின் ஒரு நாள் முழுதும் தொட்டியைத் தொடக்கூடாது. அதன் பின்பு தொட்டியில் நீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுவைத்தார். காலையில் தாள் உலர்ந்திருந்தது. அதைக் கண்ட பின்பே கூலி வாங்கினார்.

தொட்டியின் உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழிவந்ததே நம் எவர்சில்வர். 304 என்ற தரத்தில் குரோமியம் ஏறக்குறைய 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல தரம் என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பிவிட வேண்டாம். மலிவான சில வகைகளிலும் காந்தம் ஒட்டாது. நல்ல தரமானாலும் உப்பும் பிளீச்சிங் பவுடரும் அதில் படிந்து கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதில் ஊற்றவே கூடாது. கடப்பைக் கல்லுக்கோ புளியும் எலுமிச்சையுமே பகை. பட்ட இடம் மங்கிவிடும்.

நெல் விளையும் நாட்டில் தொட்டிக்கு மற்றொரு சோதனை உண்டு. அதுதான் கஞ்சி. கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியை நேராகத் தொட்டியில் ஊற்றினால், பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டில் இளகி நாளடைவில் தொய்ந்துபோகும். ஆறிய கஞ்சி உள்ளே பசையாக ஒட்டிச் சோற்றுப் பருக்கைகளைப் பிடித்து வைத்து அடைத்துக்கொள்ளும். கஞ்சியை ஒரு பாத்திரத்தில் வடித்து மாட்டுக்கோ செடிக்கோ ஆக்குவதே நல்லது. குழாயின் சாய்வு அடிக்குக் கால் அங்குலமாவது இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் குழாய் வளைந்து சிறிது நீர் எப்போதும் தேங்கி நிற்கும்படியான 'டிராப்' கட்டாயம் வேண்டும். 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி லண்டனில் உரிமம் பெற்ற கழிப்பறை அமைப்பில் இந்த வளைவு இருந்தது. சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த இரண்டு அங்குல நீரே. செலவைக் குறைப்பதற்காக இதை விட்டுவிடுபவர்கள் பலர்.

அப்படி வெளியேறும் நீர் எங்கே போகிறது? நம் கோவில்களின் திருப்பொருள் அறையில் 'சக்ராரியம்' என்ற சிறு தொட்டி அமைப்பது பழைய வழக்கம். பீடத்துக்குரிய புனிதத் துகில்களை அலசிய முதல் நீர் சாக்கடையில் கலவாமல் நேரே மண்ணுக்குள் செல்வதற்காக அதன் குழாய் தனியே அமைக்கப்படும். அடுக்களை நீரை அதனோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆயினும் ஒரு தொட்டியைக் கட்டுகிறவன் அதன் நீர் எங்கே சேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. காவிரி நீர் வரும் நம் வாய்க்கால்களில் சோப்பு நுரையைக் கலக்கவிடாமல், கொல்லையில் ஓர் உறிஞ்சு குழி தோண்டி அதன் ஓரத்தில் நான்கு வாழைக் கன்றுகளை வைத்தால் போதும். நம் தாய்மார் செய்ததும் அதுதான்.

மந்திரிக்கச் சென்ற வீட்டுக்கு மீண்டும் வருகிறேன். அளந்து பார்த்தேன். மேடை 31 அங்குலம்; தொட்டி 9 அங்குல ஆழம். இல்லத்தரசியின் முழங்கை 37 அங்குலம். நான் எதுவும் சொல்லவில்லை. அனைவரும் காப்பி அருந்திய பின், குடும்பத் தலைவரிடம், "இந்தத் தம்ளர்களை இன்றைக்கு நீங்கள் கழுவுங்களேன்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். விருந்தினர் சிரித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொடங்கினார். ஏறக்குறைய இருபது தம்ளர்கள். பன்னிரண்டாவது தம்ளரில் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்தார். மனைவியைப் பார்த்தார். "நீ ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கலையே" என்றார் அந்த அம்மா.

கட்டி முடித்த மேடையை உடனே பெயர்க்க வேண்டியதில்லை. தொட்டிக்குள் மூன்று, நான்கு அங்குல உயரமுள்ள கம்பித்தட்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்துக் கழுவினால் இப்போதைக்கு இடுப்பு வளையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "தட்டு வாங்கிப் போட்டாச்சு சாமி. சம்பா அறுப்பு முடியட்டும். மேஸ்திரிய வரச்சொல்லி மேடைய ஒசத்திடுறேன். எவ்வளவு ஒசரம்னு அவளையே நிக்கவச்சு அளந்துட்டேன்" என்றார்.

வீடு கட்டும் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே. கடைக்குப் போய்த் தொட்டியைப் பார்ப்பதற்கு முன், அதன் முன்னே நிற்கப்போகிறவரைச் சுவரோரம் நிற்கச் சொல்லி ஒரு கரிக்கோடு இடுங்கள். அந்தக் கோட்டைக் கொத்தனாரிடம் காட்டுங்கள். அவர் தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், கூலிக்கு வரும் அக்காவாக இருக்கலாம். அக்கா இப்போது எங்கள் பங்கில் இல்லை. மகன் வீட்டோடு போய்விட்டார். நான் அங்கிருந்து மாற்றலாகி வந்த நாள்வரை அவர் இட்ட அந்தக் கரிக்கோடு சுவரில் இருந்தது. வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தேன்.